பகையிடை நின்ற பாவலர்

அரசரைப் பாடிப் பரிசில் பெற்ற சங்கப் புலவர் பலர். அவ்வரசர் சினந்து நின்ற வேளையில் அவர்முன் சென்று அறம் உரைத்தவர் சிலரே. அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் கோவூர் கிழார். 1894இல் உ. வே. சாமிநாதையர் அச்சேற்றிய புறநானூற்றில் அவர் பாடியவை 15. அப்பாடல்களும் அவற்றின் அடியில் அமைந்த பழங்குறிப்புகளுமே அவர் வாழ்வை நமக்குக் காட்டுகின்றன.

சோழர்குடி உட்பகையால் பிளவுண்ட காலம் அது. நலங்கிள்ளி ஆவூரை முற்றுகையிட, நெடுங்கிள்ளி கதவடைத்து உள்ளே இருந்தான். கோவூர் கிழார் நலங்கிள்ளியின் புகழ் பாடியவர். ஆயினும் அவர் நெஞ்சை உலுக்கியது புரவலனின் வெற்றியன்று. மதிலுக்குள் உணவின்றிக் கதறிய யானைகளும் பாலின்றி அலறிய குழந்தைகளுமே. அறம் கருதினால் கதவைத் திறக்கவும், மறம் கருதினால் வெளிவந்து பொரவும் நெடுங்கிள்ளிக்கு இடித்துரைத்தார்.

உறையூர் முற்றுகையின்போது இருவரையுமே நோக்கிப் பாடினார். எதிர்நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனும் அல்லன், வேப்பம்பூச் சூடிய பாண்டியனும் அல்லன். இருவர் கண்ணியும் ஆத்தியே. எவர் தோற்பினும் தோற்பது ஒரே குடி என்பதை உணர்த்தினார். புரவலன் ஒரு பக்கம் நிற்க, இரு பக்கத்தையும் ஒரே நிறைகோலில் வைத்த நடுவுநிலை அது.

நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் வந்த இளந்தத்தன் என்னும் புலவரை ஒற்றர் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லத் துணிந்தான். கோவூர் கிழாரும் நலங்கிள்ளியைப் பாடியவரே. அதே ஐயம் அவர்மேலும் விழுந்திருக்கலாம். ஆயினும் அவர் ஒதுங்கவில்லை. பறவைபோல் நெடுந்தொலைவு கடந்து, பெற்றதைச் சேர்த்து வையாது வழங்கி வாழும் புலவர் பிறர்க்குத் தீங்கு அறியார் என எடுத்துரைத்தார். இளந்தத்தன் உயிர் பிழைத்தார்.

குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் மலையமானின் இளஞ்சிறுவரை யானைக்கு இட முற்பட்டபோதும் அவரே இடைப்பட்டார். புறாவின் துயர் தீர்த்தவன் மரபில் வந்தவன் நீ என்று மன்னனுக்கு நினைவூட்டினார். யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து, மன்றத்தை மருண்டு நோக்கும் குழந்தைகளைக் காட்டினார். முடிவை மன்னனின் மனத்துக்கே விட்டார். சிறுவர் உய்ந்தனர்.

அவர் முயற்சி யாவும் கனிந்தன என்பதற்கில்லை. நெடுங்கிள்ளி காரியாற்றில் மாண்டதை அவன் பெயரின் அடைமொழியே அறிவிக்கிறது. சோழர் பூசலைப் பாட்டு முற்றும் தணித்துவிடவில்லை. எனினும் ஒரு புலவரும் சில குழந்தைகளும் அதனால் வாழ்ந்தனர். அவர் பெற்ற பரிசில்களுள் இதுவே தலையாயது எனலாம்.

பகைவரை இடித்துரைப்பது எளிது. தமக்குச் சோறளித்தவனையும் அவன் பகைவனையும் ஒருசேர இடித்துரைக்க நெஞ்சுரம் வேண்டும். பாட்டெழுதும் நாம் கோவூர் கிழாரிடம் முதலில் கற்க வேண்டியது அந்த நெஞ்சுரமே.