ஒளி மாறும் விண்மீன்

சென்னை நுங்கம்பாக்கம் வான்காணகத்தில் முதல் உதவியாளராக விளங்கியவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. தலைக்கு நேரே செல்லும் வடக்கு தெற்குக் கோட்டை விண்மீன்கள் கடக்கும்போது அவற்றின் இடத்தையும் ஒளியையும் குறித்துவைப்பது அவர்தம் பணி. அப்பணியின்போது 1867ஆம் ஆண்டில், வலை என்னும் தென்வான விண்மீன் குழுவில் ஒரு விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். ஆர் ரெட்டிகுலி என்பது அதன் பெயர். செங்கற்பட்டும் மாமல்லபுரக் கடற்கரையும் அமைந்த தென்பக்கத்தில், அடிவானுக்கு மேல் ஏறத்தாழ 14 பாகை அளவே அது சென்னைக்கு எழும். கடலோர ஈரக்காற்றினூடே அத்துணைத் தாழ்வில் ஒளிவேறுபாட்டை உணர்தல் எளிதன்று. முதிர்ந்த அவ்விண்மீன் விரிந்து சுருங்குவதால் ஏறக்குறைய 278 நாள்களுக்கு ஒருமுறை பொலிந்து மங்குகிறது. மங்குங்கால் சிறு தொலைநோக்கிக்கும் புலப்படாது.

1872ஆம் ஆண்டு இலண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1874ஆம் ஆண்டு டிசம்பரில் நிகழ்ந்த வெள்ளி இடைமறிப்பைப் பொதுமக்களுக்கு விளக்க, ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சிறுநூல் வெளியிட்டார். பஞ்சாங்கக் கணக்கையும் கண்ணால் கண்ட கோள்நிலைக்கு ஏற்பத் திருத்த வேண்டும் என வற்புறுத்தினார். விண்மீனைக் கண்டதினும் அரிய பணி இதுவே எனலாம். பழங்கணக்கைப் போற்றிய பஞ்சாங்கக்காரர் பலர் அதனை ஏற்கவில்லை. 1880ஆம் ஆண்டு அவர் மறைந்தபோதும் அவ்வழக்கு தீர்ந்திலது.