ஈயத்தில் எழுத்து வார்த்த சீகன்பால்கு



கல்யாணப் பத்திரிகை அடிக்கணும்னா தேனி, போடி, கம்பம்னு எந்த ஊரிலும் அச்சகக் கடையில் முதலில் ஒரு மாதிரி ஆல்பத்தைத்தான் நீட்டுவாங்க. பூ வைத்த எழுத்து, கொடி சுற்றிய எழுத்து, கட்டம் கட்டமாக நிற்கும் எழுத்து என்று விதவிதமாக இருக்கும். இப்போ அதெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, ஒரு தட்டு தட்டினால் மாறிவிடும். ஒரு தமிழ் எழுத்தைச் சின்னதாக்க ஒரு உலைக்களமே அமைக்க வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்து மனிதர்தான் பர்த்தலோமேயு சீகன்பால்கு.

ஜெர்மனியில் சாக்சனி பகுதியில் புல்ஸ்னிட்ஸ் என்ற சிறிய ஊரில் 1682-ல் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா அம்மா இரண்டு பேரும் இறந்துவிட்டார்கள். உடம்பும் அடிக்கடி படுத்தும். ஹாலே நகரத்தில் படித்தார். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக், தன் நாட்டுக்குச் சொந்தமான தரங்கம்பாடிக்கு மதபோதகர்கள் இருவரை அனுப்பினார். ஒருவர் புளுட்சோ, இன்னொருவர் சீகன்பால்கு. 1705 நவம்பரில் கப்பல் ஏறியவர்கள் 1706 ஜூலை 9-ந்தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். சீகன்பால்குவுக்கு அப்போ வயது 24 கூட முடியவில்லை. (தரங்கம்பாடி இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620-ல் டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள்.)

அவர் தமிழ் படித்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்தார். அந்தச் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். கொஞ்ச நாளில் ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். 1708-ல் தான் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியலே எழுதினார். எந்த நூல் எதைப் பற்றியது என்ற குறிப்பும் அதில் இருந்தது. அதே வருஷக் கடைசியில் டேனிஷ் கோட்டைத் தளபதியோடு தகராறு வந்து நாலு மாதம் சிறையிலும் இருந்தார்.

பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்க 1708-ல் தொடங்கி 1711-ல் முடித்தார். ஆனால் அதை எப்படி எல்லாருக்கும் கொடுப்பது? ஓலையில் ஆள் வைத்து எழுதினால் ஒரு பிரதிக்கே மாசக்கணக்கில் ஆகும். தமிழில் அச்சுப் புத்தகம் என்பது அதற்கு முன்பே வந்ததுதான். 1578-ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற 16 பக்க நூல் வெளிவந்தது. 1586-ல் தூத்துக்குடிப் பக்கம் புன்னைக்காயலில் அடியார் வரலாறு வந்தது. 1679-ல் கேரளத்து அம்பலக்காட்டில் ஒரு அகராதி வந்தது. அதோடு அந்த வேலை நின்றுபோனது. சீகன்பால்கு காலத்தில் எடுத்து அச்சடிக்க ஒரு தமிழ் எழுத்து கூட கைவசம் இல்லை.

லண்டனில் ஒரு சங்கத்தார் அச்சு இயந்திரம் ஒன்றை அனுப்பினார்கள். அது வந்த கப்பலைப் பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். கூட வந்த அச்சுத் தொழிலாளி வழியிலேயே இறந்துபோனார். எப்படியோ இயந்திரம் மட்டும் 1712-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தது. வந்தும் என்ன செய்ய? அதோடு இருந்தவை ரோமன் எழுத்துகள். போர்த்துகீசிய மொழியில்தான் அடிக்க முடிந்தது.

தமிழ் எழுத்துக்கு ஹாலேயில் ஏற்பாடு நடந்தது. இங்கிருந்து கையால் எழுதி அனுப்பிய மாதிரிகளைப் பார்த்து அங்கே அச்செழுத்து வெட்டினார்கள். இது லேசான காரியமா? முதலில் இரும்புத் துண்டின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கணும். அதைச் செம்பில் அறைந்து பள்ளம் எடுக்கணும். அந்தப் பள்ளத்தில் உருக்கிய ஈயக் கலவையை ஊற்றினால்தான் ஒரு எழுத்து வரும். கா, கெ, கொ மாதிரியானதைக் காலும் கொம்பும் சேர்த்து ஒப்பேற்றலாம். ஆனால் கி, கீ, கு, கூ ஒவ்வொன்றுக்கும் தனி உருவம். 18 மெய்க்கும் கணக்குப் போட்டுப் பாருங்க, அதுவே 72 ஆகிவிடுகிறது. நம்ம ஓவிய வகுப்பில் ஸ்கேல் வைத்து ட, ப, ம போடுவது சுலபம். ஞ, ஐ, இ எல்லாம் ஸ்கேலுக்கும் காம்பஸுக்கும் அடங்காது. அந்த வளைவுகளைத்தான் தமிழே பேசாத ஊரில் இரும்பில் வெட்டினார்கள்!

1713-ல் அந்த எழுத்துகள் வந்து சேர்ந்தன. அவற்றோடு அச்சு வேலை தெரிந்த மூன்று பேரும் வந்தார்கள், அதில் ஒருவர் யோகான் அட்லர். தமிழில் சிறு நூல்கள் அச்சாகின. அப்புறம்தான் சிக்கலே புரிந்தது. எழுத்து பெரிசு. ஒரு பக்கத்தில் கொஞ்ச வரிதான் அடங்கும். காகிதமோ கப்பலில் வரவேண்டிய பொருள். அந்தப் பெரிய எழுத்திலேயே புதிய ஏற்பாடு முழுவதையும் அடித்தால் இருக்கிற காகிதம் காணாது. மொழிபெயர்ப்பு கையில் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, ஆள் இருக்கிறது. எழுத்தின் அளவு மட்டும் குறுக்கே நிற்கிறது.

பக்கத்து ஊரான பொறையாறில் வார்ப்புப் பட்டறை போட்டார்கள். அட்லர் சின்ன அளவில் புதிதாகத் தமிழ் எழுத்துகளை வார்த்தார். தமிழ் மண்ணிலேயே உலை மூட்டி வார்த்த எழுத்து அது. ஈயத்துக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? இங்கிலாந்திலிருந்து அனுப்பிய பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கினார்கள் என்று ஒரு செய்தி சொல்வார்கள். 1714-ல் ஒரு பகுதியும் 1715-ல் மீதியுமாகப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

அலங்காரம் ஒன்றும் இல்லாத எழுத்துதான். பூ கிடையாது, நிழல் கிடையாது. ஆனால் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டியதை அப்படித்தான் போடணும். அலங்கார எழுத்து தலைப்போடு நின்றுகொள்ள வேண்டியதுதான். நம்ம சுவர் இதழுக்கும் கிடைப்பது ஒரே ஒரு சார்ட் பேப்பர். பாதிச் சார்ட்டைத் தலைப்புக்கே கொடுத்துவிட்டுக் கட்டுரைக்கு இடமில்லை என்று முழிக்கிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

1714 கடைசியில் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் போனார். மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் கூட்டிப் போனார். அங்கே மரியா டோரதியா என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். லத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716-ல் ஹாலேயில் அச்சானது. அதே வருஷம் தரங்கம்பாடிக்குத் திரும்பி வந்தார். பழைய ஏற்பாட்டையும் மொழிபெயர்த்துக்கொண்டு வந்தார், ரூத் என்ற பகுதி வரைதான் முடிந்தது. 1719 பிப்ரவரி 23-ந்தேதி இறந்துபோனார், வயது 36. அதற்கு முந்தைய வருஷம் அவரே கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி இங்குள்ளவர்களிடம் கேட்டுக் கேட்டு அவர் 1713-ல் ஒரு பெரிய நூல் எழுதியிருந்தார். ஹாலேயில் இருந்த பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை, அச்சேற்றவே இல்லை. எழுத்துக்கும் காகிதத்துக்கும் அவ்வளவு அலைந்தவருடைய அந்தப் புத்தகம் 1867-ல்தான் சென்னையில் அச்சானது. அவர் இறந்து 148 வருஷம் கழித்து!

காகிதப் பஞ்சத்தைத் தீர்க்கப் பொறையாறில் ஒரு காகித ஆலையும் அந்தக் காலத்தில் நடத்திப் பார்த்தார்கள். அது ரொம்ப நாள் ஓடவில்லை. ஆனால் அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பேர் வந்துவிட்டது.

தொகுப்பு: 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு