மருந்து தேடிய மாமேதை டாக்டர் சுப்பாராவ்

இரத்தினபுரி, கேகாலைப் பகுதித் தோட்டங்களிலே கருவுற்ற தாய்மாருக்குப் போலிக்கமில மாத்திரை வழங்கப்படுவதை நாம் அறிவோம். கொழுந்தெடுத்தும் இறப்பர்ப் பால் வெட்டியும் உழைக்கும் நம் தாய்மாரை வாட்டும் இரத்தசோகைக்கு அஃது ஒரு காப்பாகும். அதனை ஆய்வுகூடத்தில் ஆக்கித் தந்த குழுவை நடத்தியவர் ஓர் இந்துப் பாடசாலையின் பழைய மாணவர் என்பதை அறிந்தோர் சிலரே. அவரே டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் 1895 ஆம் ஆண்டு சனவரி 12 ஆம் நாள் அன்னார் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார், குடும்பம் வறுமையுற்றது. மெற்றிக்குலேசன் பரீட்சையில் இரு முறை தவறி, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையிலிருந்து மூன்றாம் முறை தேறினார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பையேற்றுக் கதராடை அணிந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப்பட்டம் பெறாது அதனிற் குறைந்த சான்றிதழையே பெற்றார். அவர்தம் சகோதரர் இருவர் 'ஸ்புரூ' என்னும் குடல்நோயால் அடுத்தடுத்து மாண்டனர். அத்துயரமே அவரை மருந்தாராய்ச்சியில் ஊன்றச் செய்தது.

மனைவியைத் தாய்நாட்டில் விட்டு அமெரிக்கா சென்றார். இரவில் வைத்தியசாலையில் ஊழியஞ் செய்து ஹாவாட் பல்கலைக்கழகத்திற் கற்றார். 1925 இல் பிஸ்க் என்பாருடன் இணைந்து, குருதியிலுள்ள பொசுபரசை நிறமாற்றத்தால் அளக்கும் முறையை வெளியிட்டார். எனினும் அங்கு நிலையான பதவி கிட்டவில்லை. 1940 இல் லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பணியிற் சேர்ந்தார்.

பம்பாயில் ஆராய்ந்த லூசி வில்ஸ் அம்மையார், கருவுற்ற ஏழைப் பெண்களின் இரத்தசோகையை நாம் நன்கறிந்த மாமைட் தணிப்பதை 1931 இல் வெளியிட்டிருந்தார். அதிலுள்ள பொருள் யாது? அதனை அறியச் சுப்பாராவின் குழு ஒருவகைப் பற்றீரியாவைத் துணைக்கொண்டது. அப்பொருள் இன்றேல் அது வளராது. எனவே ஈரல் முதலியவற்றின் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எப்பகுதியில் பற்றீரியா செழிக்கின்றதோ அப்பகுதியை மேலும் பிரித்தனர். இவ்வாறு சலித்துச் சலித்தே, 1945 இல் போலிக்கமிலம் செயற்கையாக ஆக்கப்பட்டது. சகோதரரைக் கொன்ற ஸ்புரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று. ஆனால் அவர்கள் அப்போது இல்லை.

அதன் வடிவைச் சிறிது மாற்றினால், உயிரணு அதனையே போலிக்கமிலமென மயங்கி ஏற்று, வளர்ச்சி குன்றும். இவ்வாறு பிறந்த அமினொத்தெரினைப் பொஸ்ரன் நகர வைத்தியர் சிட்னி பாபர், குருதிப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துக் குழந்தைகள் சிறிது காலம் நலமுற்றதாக 1948 இல் அறிவித்தார். இதன் உறவான மெதோட்ரெக்சேற்று இன்றும் வழங்குகின்றது.

யானைக்கால் நோய்க்கும் அவர் குழு மருந்து தேடியது. நோய்ப்புழுவைத் தாங்கிய பருத்தியெலிகளில் நூற்றுக்கணக்கான சேர்வைகளைச் சோதித்து, 1947 இல் ஹெற்றசான் என்னும் மருந்தை வெளியிட்டது. இலங்கையிலும் அம்மருந்து மக்களுக்கு வழங்கப்பட்டது. 2016 இல் யானைக்கால் நோய் இந்நாட்டிற் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்திற்று. மண் மாதிரிகளைச் சலித்து டகர் என்பார் கண்ட ஒறியோமைசினும் சுப்பாராவின் பொறுப்பிலிருந்த ஆய்வுகூடத்திலேயே தோன்றியது.

1948 ஓகத்தில், 53 ஆம் அகவையில், தாய்நாடு திரும்பாமலே அவர் காலமானார். புகழைத் தோழர்க்கு விட்டுப் பின்னின்றமையால், நோபல் பரிசு அவரை நாடவில்லை.

நம் தோட்டத்துப் பிள்ளைகளுட் பலர், சாதாரண தரப் பரீட்சையில் ஒருமுறை தவறியதும் புத்தகத்தை மூடிவிட்டுக் கொழுந்துக் கூடையையோ நகரத்துக் கடை வேலையையோ நாடுகின்றனர். இருமுறை தவறிய மாணவர் ஒருவரின் மருந்தையே அவர்தம் அன்னையர் உட்கொள்கின்றனர். இவ்வுண்மையை அப்பிள்ளைகளுக்கு எடுத்துரைத்து, மூன்றாம் முறை எழுதத் துணைநிற்பது பழைய மாணவராகிய நம் கடமையாம்.