ஹில்மா அஃப் கிளின்ட்: 193 ஓவியங்களைக் கலை வரலாறு ஏன் கணக்கில் எடுக்கவில்லை?

மனிதர், மரம், வீடு எதுவுமே இல்லாமல் வெறும் வடிவமும் நிறமுமாக இருக்கும் ஓவியங்களை நீங்க கட்டாயம் பார்த்திருப்பீங்க. ஆபீஸ் ரிசப்ஷனில் ஒன்று தொங்கும். ஆப்ஸ்ட்ராக்ட், தமிழில் அரூப ஓவியம். இதை முதலில் வரைந்தது யார் என்ற கேள்விக்குக் கலை வரலாற்றுப் புத்தகங்கள் பல காலம் சொல்லி வந்த பதில்: ரஷ்யாவில் பிறந்த வாசிலி காண்டின்ஸ்கி, 1911.

இந்தப் பதிலுக்கு ஒரு முக்கிய சாட்சி காண்டின்ஸ்கியே தான். 1935-ல் நியூயார்க்கில் இருந்த தன் ஓவிய வியாபாரிக்கு எழுதிய கடிதத்தில், 1911-ல் தான் வரைந்த படம்தான் உலகின் முதல் அரூப ஓவியம் என்று உரிமை கோரினார்.

அதே 1935-ல், ஸ்வீடனில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணிடம் 193 ஓவியங்கள் கொண்ட ஒரு தொகுப்பு இருந்தது. அதில் முதல் படம் 1906-ல் வரையப்பட்டது. அவர் பெயர் ஹில்மா அஃப் கிளின்ட். இன்று உலகின் பெரிய மியூசியங்கள் அவருக்காகக் கண்காட்சி வைக்கின்றன. ஆனால் அவர் இறந்து 40 ஆண்டுகளுக்கு மேல் ஸ்வீடனுக்கு வெளியே அவரைக் கிட்டத்தட்ட யாருக்கும் தெரியாது.

ஏன்? அவரே படங்களை ஒளித்து வைத்தார் என்பதுதான் வழக்கமான பதில். அது பாதி உண்மைதான்.

யார் இந்த ஹில்மா?

1862 அக்டோபர் 26 அன்று ஸ்டாக்ஹோம் அருகே பிறந்தார். அப்பா கடற்படை அதிகாரி. வரைபடம், கணிதம், கடல்வழி என்று பேசும் குடும்பம். கோடைக்காலங்கள் மேலாரன் ஏரியில் உள்ள அடெல்சோ தீவில் கழிந்தன. செடி கொடிகளை உற்றுப் பார்க்கும் பழக்கம் அங்கே தொடங்கியது.

ஸ்வீடனின் ராயல் அகாடமி 1864-லேயே பெண்களுக்குக் கதவைத் திறந்திருந்தது. ஹில்மா அங்கே 1882 முதல் 1887 வரை முறையாக ஓவியம் படித்தார். படிப்பு முடிந்ததும் நகரின் மையத்தில் அகாடமியே ஸ்டுடியோ கொடுத்தது. மனித உருவங்கள், நிலக்காட்சிகள் வரைந்து விற்றுத் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டார். 1900 வாக்கில் கால்நடை மருத்துவ நிறுவனம் ஒன்றுக்காக விளக்கப் படங்களும் வரைந்தார்.

அதனால் இவரை ஏதோ பொழுதுபோக்குக்கு வரைந்தவர் என்று நினைச்சிடாதீங்க. பயிற்சி பெற்ற, சம்பாதித்த ஒரு தொழில்முறை ஓவியர்.

ஆவிகளும் அடையாறும்

கதை இங்கேதான் திரும்புது. 1880-ல் ஹில்மாவின் தங்கை ஹெர்மினா இறந்தார். அந்தக் காலகட்டத்தில் ஐரோப்பா முழுக்க இறந்தவர்களோடு பேசும் அமர்வுகள் படித்தவர்களிடையே பரவலாக இருந்தன. எக்ஸ்ரேயும் ரேடியோ அலைகளும் கண்டுபிடிக்கப்பட்டு, கண்ணுக்குத் தெரியாத உலகம் ஒன்று இருக்கிறது என்று அறிவியலே சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

1896-ல் ஹில்மாவும் நான்கு தோழிகளும் சேர்ந்து 'ஐவர்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். வாரந்தோறும் கூடி, தியானம் செய்து, மேலுலகிலிருந்து வருவதாக நம்பிய செய்திகளை எழுதியும் வரைந்தும் பதிவு செய்தார்கள்.

1904-ல் ஹில்மா பிரம்மஞான சபையில் சேர்ந்தார். ஆமாம், நம்ம சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட அதே தியோசாபிகல் சொசைட்டிதான். 1875-ல் நியூயார்க்கில் தொடங்கி, 1882-ல் சென்னைக்கு வந்த அமைப்பு. பிற்பாடு அதன் தலைவரான அன்னி பெசன்ட், லெட்பீட்டருடன் சேர்ந்து எழுதிய ஒரு நூல் 1905-ல் வெளியானது. எண்ணங்களுக்கு வடிவமும் நிறமும் உண்டு என்று படங்களோடு விளக்கிய நூல் அது. அந்தத் தலைமுறை ஓவியர்கள் பலருக்கு இந்தச் சிந்தனை பெரிய திறப்பாக அமைந்தது.

111 + 82 = 193

1906-ல், ஒரு கோயிலுக்கான ஓவியங்களை வரையும்படி தனக்குக் கட்டளை வந்ததாக ஹில்மா நம்பினார். முதலில் 26 சிறிய படங்கள். 1907 கடைசியில் 'பத்து மிகப் பெரியவை' என்ற தொடர். ஒவ்வொன்றும் 3 மீட்டருக்கு மேல் உயரம். குழந்தைப் பருவம், இளமை, நடு வயது, முதுமை என்று மனித வாழ்வின் கட்டங்களை சுழல்கள், இதழ்கள், வட்டங்கள், புரியாத எழுத்துகள் வழியாகக் காட்டின. ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் ஊதாவும் சுவரை நிறைத்தன. பத்தும் சேர்த்து எடுத்துக்கொண்ட காலம் சுமார் இரண்டு மாதம்.

1906-லிருந்து 1908-க்குள் 111 ஓவியங்கள். பிறகு நான்கு வருட இடைவெளி. 1908-ல் அவருடைய அம்மாவுக்குப் பார்வை போனது, பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஹில்மாவுக்கு வந்தது. காண்டின்ஸ்கி உரிமை கோரிய 1911 இந்த இடைவெளிக்குள்தான் வருகிறது. வீட்டுப் பொறுப்புக்காக வேலையில் பிரேக் எடுத்த யாருக்கும் இந்தக் கணக்கு உடனே புரியும்.

1912-ல் மறுபடி தொடங்கி 1915-க்குள் 82 ஓவியங்களை முடித்தார். மொத்தம் 193.

ஒளித்து வைத்தாரா?

பிற்காலத்தில் ஹில்மா தன் குறிப்பேடுகளில், குறிப்பிட்ட படைப்புகளைத் தன் மரணத்துக்குப் பின் 20 ஆண்டுகள் திறக்கக் கூடாது என்று எழுதினார். இது உண்மை. தன் காலத்து மக்களுக்கு இவை புரியாது என்று நினைத்தார்.

ஆனால் அதற்கு முன் அவர் முயற்சியே எடுக்கவில்லை என்பது தவறு. பெரிய ஓவியங்களைச் சிறிதாக வரைந்து, கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களோடு சேர்த்து, 10 நீல ஆல்பங்களாகக் கட்டினார். கையில் எடுத்துப் போய்க் காட்டக்கூடிய போர்ட்ஃபோலியோ என்று வைத்துக்கோங்க. ருடால்ஃப் ஸ்டைனரின் ஆன்மிக இயக்கத்தில் சேர்ந்து, 1920-களில் சுவிட்சர்லாந்தில் உள்ள அதன் மையத்துக்குப் பல முறை போனார். 1928-ல் லண்டனில் நடந்த ஒரு மாநாட்டில் சில ஓவியங்களைக் காட்சிக்கும் வைத்தார். கலை உலகம் திரும்பிப் பார்க்கவில்லை.

1944 அக்டோபரில் ஒரு டிராம் விபத்துக்குப் பிறகு, 82-வது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்பு இறந்தார். 1,200-க்கும் மேற்பட்ட ஓவியங்கள், 124 குறிப்பேடுகள், அவற்றில் சுமார் 26,000 பக்கங்கள். எல்லாம் கடற்படையில் இருந்த அண்ணன் மகன் எரிக்குக்குப் போய்ச் சேர்ந்தன.

20 வருடம் 1964-ல் முடிந்தது. 1970-ல் ஸ்டாக்ஹோமின் நவீனக் கலை மியூசியத்துக்கு இந்தப் படைப்புகளைத் தர குடும்பம் முன்வந்தது. மியூசியம் வேண்டாம் என்றது. இந்த மறுப்புக்கும் ஹில்மா போட்ட நிபந்தனைக்கும் சம்பந்தமே இல்லை. 1972-ல் குடும்பம் ஒரு அறக்கட்டளை தொடங்கி அவற்றைப் பாதுகாத்தது. 1986-ல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஒரு கண்காட்சியில்தான் வெளி உலகம் முதன்முதலாக அவர் படங்களைக் கவனித்தது.

அப்போ உண்மையான காரணம் என்ன?

மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பாருங்க.

ஒன்று, ஆன்மிகம். ஆவிகள் சொல்லி வரைந்தவரை நவீன ஓவியராக எப்படி ஏற்பது என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் காண்டின்ஸ்கி தன் புகழ்பெற்ற நூலில் பிரம்மஞான சபையைப் பற்றி எழுதியிருக்கிறார். பியட் மாண்ட்ரியன் 1909-ல் அதில் உறுப்பினரே ஆனார். அவர்களுக்கு இது 'தாக்கம்' என்ற ஒரு பத்தி. ஹில்மாவுக்கு மட்டும் தகுதியிழப்பு.

இரண்டு, சந்தை. வியாபாரி, கேலரி, விமர்சகர், ஏலம், கேட்டலாக் என்ற சங்கிலியில் ஒரு படம் நகரும்போதுதான் அதற்குப் பதிவு உருவாகிறது. ஹில்மாவின் கோயில் ஓவியங்கள் அவர் காலத்தில் விற்பனைக்கு வரவில்லை. விற்காத படத்தைப் பற்றி எழுதுவதில் யாருக்கும் லாபம் இல்லை.

மூன்று, 'முதல்' என்ற சொல். லண்டனில் ஜார்ஜியானா ஹௌட்டன் என்ற பெண் 1860-களிலேயே உருவமற்ற ஆவி ஓவியங்களை வரைந்து, 1871-ல் 155 படங்களோடு சொந்தச் செலவில் கண்காட்சியும் வைத்தார். பெரிய நஷ்டம். அவர் எதையும் ஒளிக்கவில்லை. ஆனாலும் பட்டியலில் இல்லை.

டேட்டாவோடு வேலை பார்க்கிறவங்களுக்கு இது தெரிந்த பிரச்சினைதான். காலியாக இருக்கும் செல்லைப் பூஜ்யம் என்று படித்துவிடுவது. பதிவு இல்லை என்பதை, நடக்கவே இல்லை என்று எடுத்துக்கொண்டது கலை வரலாறு.

இப்போது நிலைமை என்ன?

2012 டிசம்பரில் நியூயார்க்கின் மோமா மியூசியம், அரூப ஓவியம் எப்படிப் பிறந்தது என்று ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. ஹில்மாவின் ஒரு படம்கூட அதில் இல்லை. அடுத்த ஆண்டே ஸ்டாக்ஹோமின் நவீனக் கலை மியூசியம், முன்பு மறுத்த அதே இடம், அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. 2018 அக்டோபரில் குக்கன்ஹைம் மியூசியம் திறந்த கண்காட்சியை 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். அந்த மியூசியத்தின் வரலாற்றிலேயே அதிகமான எண்ணிக்கை அது. தன் ஓவியங்களுக்காக ஹில்மா கற்பனை செய்த கோயில் சுழல் வடிவம் கொண்டது. குக்கன்ஹைம் கட்டடமும் சுழல்தான்.

2022-ல் ஹில்மாவின் 46 தாவரப் படங்களை வாங்கிய மோமா, 2025-ல் அவற்றை வைத்துத் தனிக் கண்காட்சி நடத்தியது. புறக்கணிப்பிலிருந்து தனிக் கண்காட்சி வரை அந்த மியூசியத்துக்கு ஆனது சுமார் 12 ஆண்டுகள்.

விவாதம் இதோடு முடியவில்லை. ஐவர் குழுவின் அன்னா கேசல் போன்ற தோழிகளுக்கு இந்த ஓவியங்களில் எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு தனி மேதையை எடுத்துவிட்டு இன்னொரு தனி மேதையை அதே இடத்தில் வைத்தால், அந்தத் தோழிகளின் செல் மறுபடியும் காலியாகவே இருக்கும்.

நேரம் கிடைத்தால் இரண்டு படங்களை மட்டும் தேடிப் பாருங்க: 1907-ன் 'பத்து மிகப் பெரியவை', 1915-ன் 'அன்னம், எண் 17'. வரைந்த ஆண்டை மனதில் வைத்துக்கொண்டு பாருங்க.