இராபர்ட் கிளைவ்

இராபர்ட் கிளைவ் (செப்டம்பர் 29, 1725 – நவம்பர் 22, 1774) பிரித்தானியக் கிழக்கிந்திய நிறுவனத்தின் படைத்தலைவரும் வங்காள ஆளுநரும் ஆவார். சென்னையில் எழுத்தராகப் பணியைத் தொடங்கிய இவர், ஆற்காட்டிலும் பிளாசியிலும் பெற்ற வெற்றிகளால் இந்தியாவில் பிரித்தானிய ஆட்சிக்கு அடித்தளமிட்டார். பிளாசிச் சண்டையின்போது பெய்த மழையில் இவரது படை வெடிமருந்தை நனையாமல் காத்தது அவ்வெற்றிக்கான காரணங்களுள் ஒன்றாகும்.

தொடக்க வாழ்க்கை

கிளைவ் இங்கிலாந்தின் சிராப்சையரில் மார்க்கெட் டிரேட்டனுக்கு அருகில் பிறந்தார். 1744 ஆம் ஆண்டு சென்னை வந்து நிறுவனத்தின் எழுத்தரானார். 1746 இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது மாறுவேடத்தில் தப்பிக் கடலூருக்கு அருகிலுள்ள புனித டேவிட் கோட்டையை அடைந்தார். அதன் பின்னர் படைப் பணியில் சேர்ந்தார்.

ஆற்காட்டு முற்றுகை

1751 இல் சந்தா சாகிபின் படைகள் திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டிருந்தன. அவற்றின் கவனத்தைத் திருப்ப, கிளைவ் ஏறத்தாழ 200 ஐரோப்பியருடனும் 300 சிப்பாய்களுடனும் இடிமழையினூடே சென்று ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்தார். பின்னர் சந்தா சாகிபின் மகன் இராசா சாகிபு இட்ட முற்றுகையை ஏறத்தாழ 50 நாட்கள் தாக்குப்பிடித்தார். 1753 இல் சென்னைப் புனித சார்ச் கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயத்தில் மார்கரெட் மாசுக்கலினை மணந்தார்.

பிளாசிச் சண்டை

வங்காள நவாபு சிராச் உத் தவுலா 1756 இல் கல்கத்தாவைக் கைப்பற்றினார். அதனை மீட்கச் சென்னையிலிருந்து அனுப்பப்பட்ட படைக்குக் கிளைவ் தலைமை தாங்கினார். 1757, சூன் 23 அன்று பாகீரதி ஆற்றங்கரையிலுள்ள பிளாசியில் இரு படைகளும் மோதின. கிளைவிடம் ஏறத்தாழ 3,000 வீரர்களும் ஒருசில பீரங்கிகளுமே இருந்தன. நவாபின் படை ஏறத்தாழ 50,000 பேரைக் கொண்டது.

காலையில் பீரங்கிச் சண்டை தொடங்கியது. கிளைவின் படை மாந்தோப்பு ஒன்றில் பதுங்கியிருந்தது. நண்பகலில் கடும் மழை பெய்தது. ஆங்கிலேயர் தார்ப்பாய்களால் வெடிமருந்தை மூடினர். நவாபின் படையினர் அவ்வாறு செய்யவில்லை. மழைக்குப் பின் நவாபின் பீரங்கிகள் பெரும்பாலும் ஓய்ந்தன. எதிரியின் மருந்தும் நனைந்திருக்கும் எனக் கருதி நவாபின் குதிரைப்படை முன்னேறியது. ஆனால் ஆங்கிலேயப் பீரங்கிகள் முழங்கின. நவாபின் நம்பிக்கைக்குரிய தளபதி மீர் மதன் அன்றைய சண்டையில் மாண்டார்.

வெற்றிக்கு மழை மட்டுமே காரணமன்று. கிளைவுடன் முன்னரே இரகசிய உடன்பாடு செய்திருந்த மீர் சாபர், பெரும்படையுடன் போரிடாமல் நின்றார். நவாபு களத்தை விட்டு வெளியேறினார்.

வெடிமருந்தும் ஈரமும்

அக்கால வெடிமருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவற்றின் கலவையாகும். வெடியுப்பு நீரில் கரையும். எனவே நனைந்த மருந்தை உலர்த்தினாலும், வெடியுப்பு பிரிந்து படிவதால் அது பழைய ஆற்றலைப் பெறுவதில்லை. துப்பாக்கிகளுக்கான மருந்தும் குண்டும் கையால் சுருட்டப்பட்ட காகிதக் குழல்களில் அடைக்கப்பட்டன. காகிதம் ஈரத்தைத் தடுக்காது என்பதால் அவை தோற்பைகளில் வைக்கப்பட்டன. எரியும் திரியால் பற்றவைக்கப்படும் துப்பாக்கிகளில் மழையில் திரியே அணைந்துவிடும். பீகாரில் கிடைத்த வெடியுப்பு வணிகத்தின் தனியுரிமையை 1758 இல் கிளைவ் நிறுவனத்துக்குப் பெற்றுத் தந்தார்.

பிற்கால வாழ்க்கை

நவாபான மீர் சாபரிடமிருந்து கிளைவ் பெருஞ்செல்வம் பெற்றார். 1765 இல் முகலாயப் பேரரசர் இரண்டாம் சா ஆலமிடமிருந்து வங்காளம், பீகார், ஒரிசா ஆகியவற்றின் வரி வசூலிக்கும் உரிமையை நிறுவனத்துக்குப் பெற்றார். 1770 இல் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் தாக்கியது; நிறுவனத்தின் வரிக் கொள்கை அதன் கொடுமையை மிகுவித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. 1773 இல் கிளைவ் சேர்த்த செல்வம் குறித்துப் பிரித்தானிய நாடாளுமன்றம் விவாதித்தது. எனினும், அவர் நாட்டுக்குச் சிறந்த தொண்டாற்றியதாகவும் அது தீர்மானித்தது. அடுத்த ஆண்டு இலண்டனில் அவர் இறந்தார். அது தற்கொலை எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. மோர்ட்டன் சே என்னும் சிற்றூரின் தேவாலயத்தில் அடையாளமற்ற கல்லறையில் புதைக்கப்பட்டார்.

தாக்கம்

கிளைவ் இறந்தபோது சேலம், நாமக்கல் பகுதிகள் ஐதர் அலியின் மைசூர் அரசில் இருந்தன. 1792 ஆம் ஆண்டின் சிறீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் அவை நிறுவனத்தின் ஆட்சிக்குள் வந்தன. நிறுவனத்தை எதிர்த்த தீரன் சின்னமலை 1805 இல் சேலத்தை அடுத்த சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்.