இன்சுலின் பாட்டில் ஏன் கலங்கலா இருக்கு? 'என்பிஹெச்'சில் ஒளிந்திருக்கும் டேனிஷ் டாக்டரின் கதை

உங்கள் அப்பாவோ அம்மாவோ இன்சுலின் போடுகிறவரா? பாட்டிலில் 30/70 அல்லது என்பிஹெச் என்று இருந்தால், மருந்து பால் கலந்த தண்ணி மாதிரி கலங்கலா இருக்கும். கெட்டுப்போகவில்லை, அது அப்படித்தான் இருக்கணும். என்பிஹெச்சின் கடைசி எழுத்து ஒரு மனிதரின் பெயர்: ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹேகடோர்ன்.

யார் இவர்?

1888-ல் டென்மார்க்கில் பிறந்த டாக்டர். அவரிடம் சிகிச்சை பெற்ற மாரி க்ரோக்கின் கணவர், நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி ஆகஸ்ட் க்ரோக். 1922-ல் தம்பதி அமெரிக்கா போனபோது, டொரண்டோவில் இன்சுலின் கண்டுபிடித்த செய்தி தெரிந்தது. தயாரிக்க அனுமதி வாங்கி வந்தார் க்ரோக். 1923-ல் ஹேகடோர்னும் அவரும் நார்டிஸ்க் இன்சுலின் ஆய்வகத்தைத் தொடங்கினார்கள்.

என்ன சிக்கல்?

இன்சுலின் உயிரைக் காப்பாற்றியது, ஆனால் சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஒரே நாளில் பல ஊசிகள். ராத்திரி தூங்கும்போது சர்க்கரை மறுபடி ஏறும்.

எப்படித் தீர்த்தார்?

இன்சுலின் தோலுக்கடியில் சட்டென்று கரைவதுதான் காரணம். கரைவதை மெதுவாக்கினால்? ட்ரவுட் மீனின் விந்திலிருந்து எடுத்த புரோட்டமின் என்ற புரதத்தை ஹேகடோர்ன் குழு அதோடு சேர்த்தது. இரண்டும் ஒட்டிக்கொண்டு, நம் உடம்பின் பிஹெச் அளவில் லேசில் கரையாத துகள்களாயின. தோலுக்கடியில் அவை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய, மருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குப் போனது. 1936-ல் முடிவுகள் வெளியாயின.

டொரண்டோ குழு துத்தநாகம் சேர்த்து அதை இன்னும் நீடிக்க வைத்தது. ஆனால் அதில் புரோட்டமின் மிச்சமிருந்தது. வேகமாக வேலை செய்யும் இன்சுலினைக் கலந்தால், அதையும் பிடித்து மெதுவாக்கிவிடும். 1946-ல் நார்டிஸ்க் ஆய்வகம் இரண்டும் மிச்சமில்லாத சரியான விகிதத்தில் படிகங்களை உருவாக்கியது. அதுதான் என்பிஹெச். 30 பங்கு வேகம், 70 பங்கு நிதானம் என ஒரே ஊசியில் கலக்க முடிவது இதனால்தான்.

ஹேகடோர்ன் 1971-ல் இறந்தார். அவர் நிறுவனத்திலிருந்து வெளியேறிய பெடர்சன் சகோதரர்கள் தொடங்கியது நோவோ. பல வருஷப் போட்டிக்குப் பிறகு 1989-ல் இரண்டும் இணைந்ததுதான் இன்றைய நோவோ நார்டிஸ்க்.

உங்களுக்கு இதில் என்ன?

அந்தப் படிகங்கள் அடியில் படியும். கலக்காமல் எடுத்தால் ஒரு நாள் டோஸ் குறையும், இன்னொரு நாள் கூடும். சர்க்கரை திடீரென இறங்குவது ஆபத்து. அதனால் பாட்டிலை வேகமாகக் குலுக்காதீங்க. உள்ளங்கைகளுக்கு நடுவே, முழுக்க ஒரே சீராக வெள்ளையாகும் வரை மெதுவாக உருட்டுங்க. உருட்டிய பிறகும் கட்டியாகத் தெரிந்தால் அதைப் போட வேண்டாம். வீட்டில் பெரியவங்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்க.