எட்டுச் சிலிண்டரும் இரண்டு சக்கரமும்

சிறிய மோட்டார் சைக்கிளொன்றிலே பெரிய எஞ்சினைப் பூட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்னும் ஆசை எங்கள் திருகோணமலை இளைஞரிடத்தும் உண்டு. உவர்மலை ஏற்றத்தில் மூச்சுத் திணறும் வண்டியை வைத்திருப்பவன் கராஜ்காரரிடம் முதலிற் கேட்பது அதைத்தான். அனுபவசாலியான கராஜ்காரர் உடனே தலையசைக்கமாட்டார். எஞ்சினைப் பூட்டிவிடலாம் தம்பி, பூட்டிய பின் சட்டமும் சங்கிலியும் பிறேக்கும் அதைத் தாங்குமா என்று திருப்பிக் கேட்பார்.

இக்கேள்விக்கு மிகவும் துணிச்சலான விடையை 1907ஆம் ஆண்டிலே தந்தவர் கிளென் ஹமண்ட் கேர்ட்டிஸ் என்னும் அமெரிக்கர். ஆகாய விமானத்தின் சரித்திரம் படித்தோர் ரைட் சகோதரரின் பெயருக்கு அடுத்தபடியாக இவர் பெயரைக் கண்டிருப்பர். நானோ இவரை மோட்டார் சைக்கிள்காரராகவே முதலில் எண்ணுகிறேன். பொருந்தாத உடலிலே பெரிய எஞ்சினைப் பொருத்தும் செயலை இவர் இரு முக்கிய சந்தர்ப்பங்களிற் செய்தார். ஒன்று அவருக்குப் புகழைத் தந்தது. மற்றையது அப்புகழில் மாசாகப் படிந்தது.

நியூயோர்க் மாநிலத்திலே கியூக்கா ஏரிக்கரையில் உள்ள ஹமண்ட்ஸ்போர்ட் என்னும் சிற்றூரில் 1878 மே 21ஆம் திகதி கேர்ட்டிஸ் பிறந்தார். திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஊர் அது. தந்தையார் சிறு வயதிலேயே இறந்துபோனார். தங்கை ரூத்தா நோயினாற் செவிப்புலனை இழந்தாள். அண்ணனது பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு முடிந்தது. புகைப்படப் பொருள்கள் செய்யும் ஈஸ்ட்மன் கம்பனியிற் சில காலம், தந்தி கொண்டோடும் சைக்கிள் பையனாகச் சில காலம், பின்னர் சைக்கிள் பந்தய வீரராகச் சில காலம் என்று இளமை கழிந்தது. 1898இல் லீனா நெஃப் என்பவரை மணந்துகொண்டு சொந்த ஊரிலே சைக்கிள் கடை நடத்தலானார்.

காலால் மிதித்த வேகம் அவருக்குப் போதவில்லை. 1901ஆம் ஆண்டளவில், பஃபலோ நகரத்துத் தோமஸ் கம்பனியிடமிருந்து சிறிய எஞ்சின் ஒன்றின் வார்ப்புகளை வரவழைத்தார். வந்தவை வெறும் வார்ப்புகளே. கடைந்து, தேய்த்து, பொருத்தும் வேலை வாங்கியவருடையது. பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் காபரேற்றர் இல்லாமையால், ஒரு தக்காளிப் பேணியை எடுத்து அதற்குள் வலைத்துணியை வைத்து அதையே காபரேற்றராக்கினார். எஞ்சின் ஓடியது, ஆனால் வலு போதவில்லை. ஆகவே அதே கம்பனியிடம் அதனினும் பெரிய எஞ்சினுக்கு எழுதினார். அதைப் பூட்டியபோது சைக்கிள் மணிக்கு 30 மைல் வேகத்திற் பாய்ந்தது. எனினும் அது இடைக்கிடைதான் வெடித்தது. வெடித்த ஒவ்வொரு முறையும் சட்டத்தைப் பிய்த்துக்கொண்டு போய்விடும் போல் உதறியது.

கேர்ட்டிஸின் கல்லூரி இதுவே என்பேன். முதல் எஞ்சின் வலுவின்மையைக் காட்டியது; இரண்டாவது, வலு மாத்திரம் போதாது என்பதைக் காட்டியது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினிலே தண்டு இரு முறை சுழல்வதற்கு ஒரு வெடிப்பே நிகழும். அந்த ஒரு வெடிப்பின் அதிர்ச்சி முழுவதையும் சட்டம் வாங்க வேண்டும். சிலிண்டரைப் பெருப்பித்தால் அதிர்ச்சியும் பெருகும். சிலிண்டர்களின் தொகையைக் கூட்டினாலோ வெடிப்புகள் நெருங்கி வந்து ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். இதை அவர் புத்தகத்திற் படிக்கவில்லை, கையினாற் கற்றார். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடுவும் மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கழற்றிப் பூட்டியே யந்திர ஞானம் பெற்றவர் என்பதைத் தமிழர் அறிவர். இவ்வகை மாணவருக்குப் பரீட்சை எழுதத் தெரியாது. யந்திரம் எங்கே நோகிறது என்பது தெரியும்.

பின்னர் கேர்ட்டிஸ் தாமே எஞ்சின் செய்யத் தொடங்கினார். 1904 ஜனவரியில் புளோரிடாவின் ஓர்மண்ட் கடற்கரையிலே இரட்டைச் சிலிண்டர் வண்டியில் 10 மைலை 9 நிமிடத்திற்குள் ஓடினார். எடை குறைந்து வலு மிகுந்த அவரது எஞ்சினை அவ்வாண்டே தோமஸ் பால்ட்வின் என்னும் வானூர்திக்காரர் தமது ஆகாயக் கப்பலிற் பூட்டிப் பறந்தார். மோட்டார் சைக்கிளுக்கெனப் பிறந்த எஞ்சின் ஆகாயத்துக்குப் போயிற்று. அடுத்த விந்தை அதன் மறுதலை: ஆகாயத்துக்கெனப் பிறந்த எஞ்சின் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது.

ஆகாயக் கப்பலை மனத்திற்கொண்டு அவர் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றைச் செய்திருந்தார். சிலிண்டர்கள் நான்கு நான்காக இரு வரிசையில் விரிந்து நிற்பன, காற்றினாலேயே குளிர்வன. கொள்ளளவு ஏறக்குறைய 4400 கன சென்ரிமீற்றர். வலு ஏறக்குறைய 40 குதிரை. எங்கள் வீதிகளில் ஓடும் வண்டிகளிற் பெரும்பாலானவை 100, 150 கன சென்ரிமீற்றரைச் சுற்றியே இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் பருமன் விளங்கும். அதனைத் தாங்குவதற்கென்றே நீண்ட சட்டமொன்றை அமைத்தார். எஞ்சினுக்குப் பின்னால் வெகு தூரத்தில் ஓட்டுநர் குனிந்து படுக்க வேண்டும். ஆகவே கைபிடிகளும் பின்னோக்கி நீண்டிருந்தன. வண்டியின் மொத்த எடை 275 இறாத்தலே. இத்தகைய வலுவைத் தோல்வாரோ சங்கிலியோ தாங்காது என்று கண்டு இரண்டையும் கைவிட்டு, எஞ்சினின் தண்டை நேரே பின்னோக்கி நீட்டிப் பற்சக்கரத்தாற் சில்லோடு இணைத்தார்.

1907 ஜனவரியில் ஓர்மண்ட் கடற்கரைக்கு அதைக் கொண்டு சென்றார். எங்கள் நிலாவெளிக் கரையில் நடந்தாற் கால் புதையும். ஓர்மண்ட் மணலோ அலை வற்றும் வேளையிற் சிமெந்துத் தரைபோல் இறுகிக் கிடக்கும். வேகம் கூட்டிக்கொள்ள 2 மைல், அளந்து பார்க்க 1 மைல், நிறுத்துவதற்கு இன்னொரு மைல். அளந்த மைலை 26.4 விநாடியிற் கடந்தார். மணிக்கு 136.36 மைல், அதாவது ஏறக்குறைய 219 கிலோமீற்றர். முன்னைய ஆண்டு நீராவிக் காரொன்று மணிக்கு 127 மைலுக்கு மேல் ஓடியிருந்தது. அதையும் மிஞ்சி, 28 வயதான சைக்கிள் கடைக்காரர் தரையில் ஓடிய யந்திரங்கள் யாவற்றையும் பின்னே விட்டார்.

அதே கரையில் எதிர்த்திசையில் ஓட முயன்றபோது தண்டின் மூட்டு முறிந்தது. விடுபட்ட தண்டு சுழன்றடிக்க, சட்டம் வளைந்தது. அவர் விழாது வண்டியை நிறுத்தினார். அந்த ஓட்டம் அதிகாரபூர்வமான சாதனையாகப் பதியப்படவில்லை. வண்டியும் அதன்பின் பந்தயத்துக்கு வரவில்லை. கராஜ்காரர் கேட்கும் கேள்விக்கு அம்மணற் கரை தந்த விடை இரு வகைத்து: ஒரு மைலுக்குத் தாங்கும், மறு மைலுக்குத் தாங்காது. இதனால் அவருடைய பெருமை குறைகிறது என்று நான் கருதவில்லை. அது விமான எஞ்சின் என்பதையோ, அந்த வண்டி வீதிக்கு உதவாது என்பதையோ அவர் மறைத்ததில்லை.

அதன்பின் நிகழ்ந்தவை வேகமாக நிகழ்ந்தன. தொலைபேசியைக் கண்ட அலெக்சாந்தர் கிரகம் பெல் அவ்வாண்டே விமானப் பரிசோதனைச் சங்கம் ஒன்றை அமைத்து இவரையும் சேர்த்துக்கொண்டார். பெல் செவிப்புலனற்றோருக்கு ஆசிரியர், அவர் மனைவி மேபல் செவிப்புலனற்றவர், சங்கத்துக்குப் பணம் கொடுத்தவரும் அவ்வம்மையாரே. ரூத்தாவின் அண்ணனுக்கு அவ்வீடு அந்நியமாகத் தோன்றியிராது. 1908 யூலை 4ஆம் திகதி ஊரார் காண ஒரு கிலோமீற்றருக்கு மேற் பறந்து கேர்ட்டிஸ் பரிசு பெற்றார். 1909இல் பிரான்சின் ரேம்ஸ் நகரத்துப் பந்தயத்திலே, சிறிய விமானத்திற் பெரிய எஞ்சினைப் பூட்டும் தமது பழைய வித்தையைக் கையாண்டு, புகழ்பெற்ற பிளேரியோவைச் சில விநாடிகளால் வென்றார்.

திருகோணமலையில் இருந்து எழுதும் எனக்கு அவரது 1911ஆம் ஆண்டே நெருக்கமானது. ஜனவரி 18ஆம் திகதி யூஜீன் ஈலி என்பவர் கேர்ட்டிஸ் விமானமொன்றைச் சன் பிரான்சிஸ்கோ குடாவில் நின்ற போர்க்கப்பலின் மேல் இறக்கினார். எட்டாம் நாள் கேர்ட்டிஸ் தாமே சன் டியேகோ குடாவின் நீரிலிருந்து விமானத்தை எழுப்பினார். தோணி தள்ளியவர் யாவரும் அறிவர், நீர் அடிப்பாகத்தைப் பற்றிக்கொண்டு விடாது. பறக்கும் படகுக்கு அதுவே பெரும் பகை. மேலும் வலுவான எஞ்சினைப் பூட்டலாம். ஆனால் எடையும் கூடும். 1912இல் அவர் படகின் அடிப்பாகத்திலே படிபோன்ற ஒரு வெட்டை அமைத்தார். அவ்விடத்திற் காற்று நுழைய, நீரின் பிடி தளர்ந்தது. எஞ்சினைப் பெருப்பிப்பதற்கு முன் உடலைத் திருத்தும் பக்குவம் அப்போது அவருக்கு வந்துவிட்டது. 1942இல் சீனக்குடாவில் ஒல்லாந்தரின் 321ஆம் படைப்பிரிவு வைத்திருந்த கற்றலினாப் பறக்கும் படகுகள் வேறு கம்பனி செய்தவை. ஆயினும் அவற்றின் அடியில் அந்தப் படி இருந்தது. இத்துறைமுகத்திலிருந்து புறப்பட்டு அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் ஈலி இறங்கிய மரத்தளத்தின் வழித்தோன்றலே.

இனி மாசுக்கு வருகிறேன். விமானத்தைச் சமநிலையில் வைக்கும் முறை தமக்கே உரியது என்று ரைட் சகோதரர் 1909 முதல் கேர்ட்டிஸ் மீது வழக்கு நடத்தினர். 1914 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ரைட் பக்கம் தீர்த்தது. கேர்ட்டிஸின் தொழிற்சாலை மூடப்படும் நிலை. அவ்வேளை அவர் ஒரு பழைய யந்திரத்தை நாடினார். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளராயிருந்த லாங்லி செய்த விமானம் அது. 1903இல் இரு முறை பொட்டோமக் ஆற்றில் விழுந்தது. இரண்டாவது வீழ்ச்சிக்குச் சில நாட்களின் பின்னரே ரைட் சகோதரர் பறந்தனர். லாங்லியின் விமானமும் பறக்க வல்லதே என நிரூபித்தால் ரைட் உரிமை தளரும். நிறுவனத்தின் சம்மதத்தோடும் பணத்தோடும் அது ஹமண்ட்ஸ்போர்ட் வந்தது. சிறகைத் திருத்தி, கட்டுகளை மாற்றி, மிதவைகளைப் பூட்டி, மே மாதம் ஏரியின் மேற் சிறிது எழுப்பினார். பின்னர் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டுத் தமது 80 குதிரை வலு எஞ்சினைப் பூட்டிப் பறக்கவிட்டார்.

நெருக்கடியில் இருந்தார் என்று அவருக்காக வாதிடுவோர் உளர். அந்த நெருக்கடியை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஓர்மண்டிலே பெரிய எஞ்சின் தன் பெயரிலேயே ஓடியது. இங்கே இறந்துபோன ஒருவரின் பெயரில் ஓடியது. ஸ்மித்சோனியன் நிறுவனம் லாங்லியின் விமானமே முதலிற் பறக்க வல்லதாயிருந்தது என்று எழுதி வைத்தது. மனம் நொந்த ஓர்வில் ரைட் 1928இல் தமது ஆதி விமானத்தை இலண்டனுக்கு அனுப்பிவிட்டார். நிறுவனம் 1942இலே தவற்றை ஏற்றது. 1948இல் விமானம் தாயகம் திரும்பியபோது ஓர்வில் உயிரோடில்லை. லாங்லியின் விமானம், ரைட்டின் விமானம், எட்டுச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள் ஆகிய மூன்றும் இன்று அந்த ஒரே நிறுவனத்தின் சேகரிப்பில் உள்ளன.

1917இல் யுத்தம் வழக்கை அமர்த்தியது. கேர்ட்டிஸ் செல்வரானார், தொழிலை விட்டுப் புளோரிடாவிலே நகரங்கள் அமைக்கப் போனார். 1929இல் அவர் பெயர் தாங்கிய கம்பனியும் ரைட் பெயர் தாங்கிய கம்பனியும் ஒன்றாயின. 1930 யூலை 23ஆம் திகதி, குடல்வால் சத்திரசிகிச்சைக்குப் பின் பஃபலோ நகரில் 52ஆவது வயதிற் காலமானார். அதுவரை மோட்டார் சைக்கிளில் எவரும் அவரைவிட வேகமாக ஓடியதில்லை. அடுத்த மாதம் 31ஆம் திகதி, பிரான்சின் ஆர்பஜோன் வீதியிலே ஆங்கிலேயர் ஒருவர் மணிக்கு 137 மைலைத் தாண்டினார். அவர் பெயர் ஜோ ரைட்.